யாருக்கும் சம்பந்தமில்லாத தலைப்பு

தூக்குத் தண்டனையை எதிர்த்து இருபது நிமிடம் பேசி நான் ஒருமுறை பொன்னாடை வாங்கியிருக்கிறேன். பொன்னாடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஹூஸ்டனில் நாங்கள் நாற்பது குடும்பங்கள் சேர்ந்து நடத்திக்கொண்டிருந்த சங்கத்தில் இருந்ததே ஒரே ஒரு பொன்னாடைதான். மேடையில் போர்த்துவார்கள். விழா முடிந்ததும் செயலாளர் பக்கத்தில் வந்து நின்று, "சார், அந்த சால்வை..." என்று தலையைச் சொறிவார். கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வருடம் வேறு ஒரு தோளுக்கு வேண்டுமே. என் கொள்கையும் அந்தச் சால்வை ஜாதிதான் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு இருநூறு வயது நிறைந்த வருடம் அது. டோனட் கடை வாசலில்கூடக் கொடி பறந்தது. சோறு போடுகிற நாட்டுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று சங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் ஆட்களுக்கு ஏதாவது செய்வதென்றால் பட்டிமன்றம். வேறு எதுவும் தெரியாது. ஆனால் அதற்கு முந்தைய வருடம் குடும்ப நிம்மதியைக் கெடுப்பது மாமியாரா மருமகளா என்று பட்டிமன்றம் வைத்து, இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தன. அதில் ஒரு குடும்பம் தாங்கள் கொண்டுவந்த சாம்பார் அண்டாவைப் பாதி விழாவிலேயே திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்கள் ரசத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

சங்கத் தலைவர் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் சேஃப்டி இன்ஜினியர். விபத்து நடப்பதற்கு முன்பே அதைத் தடுப்பதுதான் அவர் தொழில். கமிட்டிக் கூட்டத்தில் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை யாருக்கும் சம்பந்தமே இல்லாத டாபிக்கா வேணும். ஒருத்தரும் பர்சனலா எடுத்துக்கக் கூடாது. எரநூறு வருஷம் முன்னாடி, அமெரிக்காக்காரன் மேட்டர். எவன் சண்டைக்கு வருவான்?"

அப்படிப் பிறந்ததுதான் அந்தத் தலைப்பு: ‘அமெரிக்கா பிறந்தபோதே தூக்குக் கயிற்றை அறுத்திருக்க வேண்டுமா, வேண்டாமா?’ கமிட்டியில் பதினோரு பேர். அதில் எட்டுப் பேர் முதுகலை, இரண்டு பேர் டாக்டர் பட்டம், மிச்சம் நான். பதினோரு பேரும் பலே என்றோம். எங்கள் ஊரிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் ஹன்ட்ஸ்வில் வரும். அங்கே சிறைச்சாலையில் சில வருடங்களாக ஆட்களைக் கட்டிலில் கட்டி, விஷ ஊசி போட்டு மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது பேப்பரில் வரும். டல்லாஸுக்குப் போகிற வழியில், அந்த ஊரைத் தாண்டுவதற்குள்தான் நாங்கள் காரை நிறுத்திப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்போம். அந்த ஊர்த் தண்ணீர் நன்றாக இருக்கும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சுகூட உண்டு. அப்படியிருந்தும், யாருக்கும் சம்பந்தமில்லாத தலைப்பு என்று தலைவர் சொன்னபோது, சார், அது இருக்கிறதே என்று ஒருவர் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். பஜ்ஜி உள்ளே போவதற்காக.

யார் எந்தக் கட்சி என்பதற்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு ‘அறுத்திருக்க வேண்டும்’ வந்தது. எதிர்க்கட்சிக்கு ஒரு டாக்டரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். அவர் பேசுகிற தமிழைக் கேட்டால் நாங்கள் பேசுவது லாரி ஹாரன் மாதிரி இருக்கும். சீட்டைப் பிரித்துப் பார்த்தவர், பக்கம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தலைவர் சிரித்துக்கொண்டே, சீட்டு சீட்டுதான், யார் எந்தப் பக்கம் பேசினால் என்ன, எல்லாம் சும்மாதானே என்றார். டாக்டரம்மா சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கோ உள்ளுக்குள் குஷி. கருணைக் கட்சிக்குத்தான் கைதட்டல் அதிகம் விழும். அது பட்டிமன்ற அரிச்சுவடி.

மூன்று சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, விஷயம் பிரமாதமாகத்தான் இருந்தது. புரட்சி முடிந்து புது நாடு பிறந்த கையோடு பிலடெல்பியாவில் ஒரு மருத்துவர் கிளம்பியிருக்கிறார். குடிமகனின் உயிரை எடுப்பது ராஜாக்களின் பழக்கம். ராஜாவைத் துரத்திவிட்டு அவன் கயிற்றை மட்டும் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கொலைக்குக்கூடத் தூக்குக் கூடாது என்று அவர் எழுத, பாதிரிமார்கள் பைபிளைத் தூக்கிக்கொண்டு மேலே பாய்ந்திருக்கிறார்கள். மனிதர் பின்வாங்கவில்லை. சட்டம் எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? பெரிய மனிதர்கள் செய்வதைத்தான். பாதி செய்தார்கள். திருட்டுக்கும் கொள்ளைக்கும் தூக்கை எடுத்தார்கள், கொலைக்கு வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் சமம் என்று எழுதிய மை காய்வதற்குள், ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் அடிமைச் சங்கிலி. தூக்கிலிருந்து தப்பிய திருடர்களை மொட்டையடித்து, காலில் இரும்புக் குண்டைக் கட்டி, பிலடெல்பியா தெருவைக் கூட்ட விட்டார்களாம். அதைப் படித்ததும் எனக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். வந்தது ஜோக்.

பள்ளிக்கூடக் கேன்டீனை வாடகைக்கு எடுத்திருந்தோம். பழைய பீட்சா வாசனைக்கு நடுவே குத்துவிளக்கு. "உயிருக்குப் பதிலா மயிரை எடுத்தாங்க நடுவர் அவர்களே! நம்ம திருப்பதியில எத்தனை வருஷமா நடக்குது, பிலடெல்பியாக்காரன் இப்பத்தான் கண்டுபிடிச்சான்!" என்றேன். கேன்டீன் அதிர்ந்தது. கடைசி மூன்று நிமிடம் குரலைத் தாழ்த்தி, அந்த மருத்துவரின் வாதங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கொலை தப்பென்று சொல்லிக் கொடுப்பதற்கு அரசாங்கமே ஒரு கொலை செய்து காட்டலாமா என்றபோது முன்வரிசை ஆன்ட்டி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கான்டாக்ட் லென்ஸ் என்று என் மனைவி பிறகு விளக்கினாள்.

டாக்டரம்மா ஏழே நிமிடம் பேசினார். கயிறு ஏன் வேண்டும் என்பதற்கு மூன்று காரணங்கள் சொன்னார், மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி. சொல்லி உட்கார்ந்துவிட்டார். தீர்ப்பு எனக்கு. பொன்னாடை எனக்கு. இருநூறு வருடத்துக்கு முன் இதே கட்சி பேசிய அந்த மருத்துவர் ஏச்சு வாங்கினார். நான் சால்வை வாங்கினேன்.

சாப்பாட்டு வரிசையில் டாக்டரம்மா எனக்கு முன்னால் நின்றார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"வடிவாக் கதைச்சீங்கள். அதெல்லாம் நீங்கள் நம்புறனீங்களோ?"

"அதெப்படிங்க டாக்டர், பட்டிமன்றம்தானே. சீட்ல உங்க பக்கம் வந்திருந்தா அதையும் பிரமாதமாப் பேசியிருப்பேன்."

"பேசியிருப்பீங்கள்," என்று சொல்லிவிட்டு அவர் தயிர்சாதத்தை நோக்கி நகர்ந்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் குடியுரிமை வந்தது. சத்தியப்பிரமாணம் எடுத்த உற்சாகத்தில், வாசலிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அம்மையாரிடம் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டேன். விஷயம் தெரிந்தவர்கள் பதறினார்கள். ஓட்டுக்குப் பதிவு பண்ணினால் ஜூரி டியூட்டி வரும், கோர்ட்டில் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும், இது எல்.கே.ஜி. குழந்தைக்குக்கூடத் தெரியுமே என்றார்கள். சொன்ன மாதிரியே மூன்று மாதத்தில் கடிதம் வந்தது.

போனேன். சாதாரண வழக்கல்ல. கொலை வழக்கு, அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்கிறது. ஜூரி பொறுக்கவே வாரக்கணக்கில் ஆகும், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், உங்கள் முறைக்குப் புதன்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வியாழக்கிழமை நியூஜெர்சியில் என் மைத்துனனின் கிரகப்பிரவேசத்துக்கு விமானம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பசுமாட்டுக்குப் பதில் பீங்கான் பசு ஒன்றை வைத்துப் பூஜை செய்வதாக ஏற்பாடு; அந்தப் பசுவை ஹூஸ்டனிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவருகிற பொறுப்பு என்னுடையது.

"என் தம்பி வீட்டு ஃபங்ஷன்னா மட்டும் உங்களுக்கு கவர்மென்ட்டே வந்து ஹெல்ப் பண்ணுது," என்றாள் மனைவி.

வழி சொன்னவர் சேஃப்டி இன்ஜினியர்தான். போனில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "சார், உங்ககிட்டதான் ஸ்பீச் ரெடியா இருக்கே! எனக்கு டெத் பெனால்ட்டில நம்பிக்கை இல்லைன்னு அடிச்சுச் சொல்லிடுங்க. அஞ்சே நிமிஷம். வீட்டுக்கு அனுப்பிடுவான்."

ரிசீவரை வைத்தபோது எனக்கு அந்தப் பிலடெல்பியா மருத்துவர் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது. எவ்வளவு உபயோகமான மனிதர்.

புதன்கிழமை என்னைச் சாட்சிக் கூண்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே இரண்டு மேஜைகள். ஒன்றில் அரசு வக்கீல், பளபளவென்று பூட்ஸ். மற்றதில் கசங்கிய கோட்டுப் போட்ட வயதான வக்கீல், பக்கத்தில் குற்றம் சாட்டப்பட்டவன். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். யாரோ இரவல் கொடுத்த கோட்டு. கை நீளமாகி, விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. மஞ்சள் தாளில் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தான்.

மரண தண்டனை பற்றி உங்கள் எண்ணம் என்ன என்று பூட்ஸ் வக்கீல் கேட்டார். நான் ஆரம்பித்தேன். திருப்பதியை மட்டும் விட்டுவிட்டேன், மற்றதெல்லாம் இருந்தது. ராஜாவின் கயிறு, புது நாடு, அரசாங்கமே செய்து காட்டுகிற கொலை. கீழே ஒரு அம்மாள் உட்கார்ந்து என் சொற்பொழிவை எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அந்தப் பெருமையில் கொஞ்சம் நீட்டவும் செய்தேன். அந்தப் பையன் எழுதுவதை நிறுத்தினான். தலையை நிமிர்த்திக் கேட்டான். பூட்ஸ் வக்கீல் திருப்தியாக உட்கார்ந்து, இவரை விலக்கிவிடலாம் என்றார்.

பையனின் வக்கீல், அந்தக் கசங்கிய கோட்டு எழுந்தார்; என்னை ஜூரியில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். அவசரமே இல்லை அவருக்கு. உங்களுக்குப் பிடிக்கவில்லை, நல்லது, நிறையப் பேருக்குப் பிடிக்காது என்று ஆரம்பித்தார். பிறகு விளக்கினார். டெக்சாஸில் ஜூரி யாரையும் கொல்லச் சொல்வதில்லை. ஒரு படிவம் கொடுப்பார்கள். தெரிந்தேதான் செய்தானா, இனிமேலும் இவனால் ஆபத்து வருமா என்று அதில் சில கேள்விகள். ஆம், இல்லை என்று பதில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் அவனைக் கொல்வது நீதிபதி, நீங்களல்ல. சாட்சியத்தைக் கேட்டுவிட்டு, அந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுத உங்களால் முடியுமா? அவ்வளவுதான் நான் கேட்பது.

எனக்கு வேலையே அதுதான். குழாய் பரிசோதனைப் படிவம். வெடிப்பு உண்டா, ஆம், இல்லை. பன்னிரண்டு வருடமாக அதைத்தான் எழுதிச் சாப்பிடுகிறேன். மனிதர் ஹூஸ்டன் முழுக்கத் தேடி, சரியான ஆளிடம் வந்து கேட்கிறார். என் வாழ்க்கையில் யாரும் கேட்ட கேள்விக்கு இவ்வளவு சுலபமான உண்மையான பதில் இருந்ததில்லை. முடியும். ஒரு வார்த்தை.

வீட்டில் சோபா மேல் குமிழ்த்தாள் சுற்றி வைத்திருந்த பீங்கான் பசு ஞாபகம் வந்தது.

"நோ சார்," என்றேன்.

வேறு விதமாகத் திருப்பிக் கேட்டார். நோ சார். மூன்றாவது தடவை அவர் கேள்வி கேட்கவில்லை. கையிலிருந்த காகிதத்தை மடித்தார். பிறகு உட்கார்ந்தார். நீதிபதி என் நேர்மைக்கு நன்றி சொல்லி, போகலாம் என்றார்.

இறங்கி அந்த மேஜையைக் கடக்கும்போது, அந்தப் பையன் என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினான். நன்றி சொல்கிறானாம். அவனுக்காக அவ்வளவு பேர் முன்னால் ஒருவன் பேசிவிட்டுப் போகிறான் என்று நினைத்திருக்கிறான். நானும் பதிலுக்குத் தலையை ஆட்டினேன். பட்டிமன்ற மேடையில் கைதட்டலுக்கு ஆட்டுவோமே, அதே ஆட்டல்.

நியூஜெர்சியில் பசு பத்திரமாக இறங்கியது. பூஜை முடிந்து சாப்பிடும்போது நான் கோர்ட் கதையை எடுத்துவிட்டேன். பூட்ஸ், தட்டச்சு அம்மாள், இரண்டு நோ சார். எடிசன், பிஸ்கட்டவே ஊர்களின் அங்கிள்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தலை தாழ்த்தியதை மட்டும் சொல்லவில்லை. அது ஜோக்கில் உட்காரவில்லை. மைத்துனன் ஒரு பேனாவைக் கொண்டுவந்து, "மாமா, அந்த பாயின்ட்ஸ அப்படியே எழுதிக் குடுங்க. இங்க எல்லாருக்கும் சம்மன் வருது," என்றான். கிரகப்பிரவேசப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதினேன். கடைசியில் தமிழில் ஒரு குறிப்பு: ‘இதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன் என்று நீதிபதியின் கண்ணைப் பார்த்துச் சொல்லவும்.’

நான் எழுதியதில் அதிகப் பிரதி ஓடியது அதுதான். யாரோ ஆபீஸ் ஜெராக்ஸில் போட்டார்கள். ஹூஸ்டனுக்கு என்னைவிடச் சீக்கிரம் வந்து சேர்ந்தது. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் வரைக்கும் போனதாகக் கேள்வி. சாதாரணத் திருட்டு வழக்குக்கு அழைக்கப்பட்ட ஒருவர், மரண தண்டனையை நான் ஏற்க மாட்டேன் என்று சைக்கிள் திருடன் வழக்கில் முழங்கி, நீதிபதியையே கலங்கடித்தாராம். அந்த வருடம் இந்த நாட்டில் மரண தண்டனைக்கு எதிராகத் தமிழர்கள் நடத்திய ஒரே இயக்கம் எங்களுடையது. சாதித்தது ஒன்றே ஒன்று. எந்த ஜூரியிலும் நாங்கள் இருக்கவில்லை.

கோடையில் பேப்பரில் அந்த வழக்கு வந்தது. படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் பன்னிரண்டு பேரும் ஆம் என்று எழுதியிருந்தார்கள். மரண தண்டனை. பன்னிரண்டில் ஒருவர் மாறி எழுதியிருந்தாலும் ஆயுள் தண்டனையோடு போயிருக்கும் என்று கடைசிப் பத்தியில் போட்டிருந்தார்கள். நான் மாறி எழுதியிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சாட்சியத்தைக் கேட்டிருந்தால் நானும் ஆம் என்றே எழுதியிருக்கலாம். அது தெரியாமல் போவதற்குத்தானே அவ்வளவு பாடுபட்டேன். பேப்பரை மடித்து, மனைவி பார்ப்பதற்குள் குப்பையில் போட்டேன். அவள் ஏற்கனவே படித்திருந்தாள். அன்றைக்குக் குப்பைக் கூடையை அவளே வெளியே கொண்டுபோய் வைத்தாள். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

அடுத்த வருட விழாவுக்கு வீட்டுச் சாப்பாடா வெளிச் சாப்பாடா என்று தலைப்பு. நான் பார்வையாளன் மட்டும். இரண்டு நாளைக்கு முன் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டாக்டரம்மா ஜூரில மாட்டிக்கிட்டாங்க சார். மர்டர் கேஸ். அவங்க இடத்துல நீங்கதான் பேசணும்."

"நம்ம பேப்பர் அவங்ககிட்ட இல்லையா?"

"நானே கொண்டுபோய் குடுத்தேன் சார். படிச்சுட்டு, உங்ககிட்ட சேர்த்துடச் சொல்லித் திருப்பிக் குடுத்துட்டாங்க."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எத்தனையாவது ஜெராக்ஸோ, எழுத்துகள் எறும்பு மாதிரி கலைந்திருந்தன. கடைசித் தமிழ்க் குறிப்பில் ‘மனப்பூர்வமாக’ என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் பென்சிலால் ஒரு கோடு.

அன்றைக்கே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். கோர்ட்டில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு இது பிடிக்காது எண்டன். ஆனா முழுக்கக் கேட்டுப்போட்டுப் பதில் எழுதுவன் எண்டன். ஜூரியில எடுத்துப்போட்டினம்."

"பிடிக்காதுன்னு மட்டும் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களே டாக்டர்."

"விட்டிருப்பினம். பிடிக்காத ஆக்கள் எல்லாரும் எழும்பி வந்திட்டா, பிறகு அந்த ஜூரிக் கதிரையில ஆர் இருப்பினம்?" என்றார். வழக்கைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த வழக்கு எப்படி முடிந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை வேண்டுமே.

விழாவில் அவருடைய இடத்தில் நின்று வெளிச் சாப்பாட்டுக்காக வாதாடினேன். ஹில்கிராஃப்ட் தெருக் கடை தோசையின் நீள அகலத்தை வைத்து இரண்டு ஜோக். கைதட்டல் வழக்கம்போல. தீர்ப்பும் எனக்குத்தான். செயலாளர் தலையைச் சொறிய வருவதற்குள் நானே சால்வையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டேன்.

சாப்பாட்டு வரிசையில் பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். முந்தின மாதம்தான் குடியுரிமை வாங்கிய பல் டாக்டர் ஒருவர்.

"அங்கிள், உங்ககிட்ட ஜூரி பேப்பர் ஒண்ணு இருக்காமே. எனக்கு சம்மன் வந்திருக்கு."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சட்டைப்பையில் இருந்த அதையே எடுத்துக் கொடுத்தேன். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்துப் பார்த்தார்.

"இங்க என்ன அங்கிள், பென்சில்ல கோடு?"

"அந்த இடத்துல கொஞ்சம் அழுத்திச் சொல்லணும்," என்றேன்.